கம்ப்ரசர் இல்லாத குளிர்

எங்கள் ஆலையைப் பார்க்க வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் யுடிலிட்டி கட்டடத்துக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “கம்ப்ரசர் எங்கே மேடம்?” என்பதுதான். குளிரூட்டும் இயந்திரம் என்றால் கம்ப்ரசர் இருந்தே தீரும் என்று படித்துவிட்டு வருகிறார்கள். எதிரே நிற்பதோ சாம்பல் வண்ணம் அடித்த பெரிய உருளைகள், அவற்றைச் சுற்றிக் குழாய்கள், அடியில் சின்னச் சின்ன பம்புகள். அதிர்வு கிடையாது. பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசலாம். ஆனாலும் அதிலிருந்து புறப்படும் குழாயில் 7 டிகிரியில் தண்ணீர் ஓடுகிறது. அந்தக் குளிரைத் தருவது அடுத்த அறையில் ஓடும் எரிவாயு எஞ்சினின் புகை. மாணவர்களை நிற்கவைத்து அவசரமாகச் சொல்வதில் எனக்கு நிறைவே இல்லை. ஆற அமரச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆலை காரைக்கால் பக்கம் இருக்கிறது. காவிரிப் படுகையில் எடுக்கும் எரிவாயு குழாய் வழியாக வருவதால், இந்த வட்டாரத்தில் சொந்தமாக எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்துக்கொள்ள முடிகிறது. எங்களுடையது 1 மெகாவாட் எஞ்சின். நாங்கள் செய்வது பிளாஸ்டிக் வார்ப்பு வேலை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போனதும் அதைச் சீக்கிரம் இறுகவைக்க, இரவும் பகலும் குளிர்ந்த நீர் அச்சைச் சுற்றி ஓடியாக வேண்டும். நீர் இரண்டு டிகிரி சூடாக வந்தால் ஷிப்ட் முடிவில் உற்பத்திக் கணக்கில் அது தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட எஞ்சினுக்குள் போகும் எரிவாயுவின் சக்தியை நூறு பங்காக வைத்துக்கொண்டால், நாற்பது பங்குதான் மின்சாரமாக வெளியே வருகிறது. மீதியில் பெரும்பகுதி இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று, 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெளியேறும் புகை. இன்னொன்று, எஞ்சினின் உடம்பைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிவரும் ஜாக்கெட் நீர். அது 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். பல இடங்களில் புகை நேராகப் புகைபோக்கிக்குப் போகிறது, ஜாக்கெட் நீர் ரேடியேட்டருக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவில் பாதிக்கு மேல் காற்றில் கலக்கிறது. எனக்கு வேலையில் வருத்தம் தரும் காட்சி ஒன்று உண்டென்றால் அது ரேடியேட்டர் விசிறிதான். சூட்டைத் தூக்கி எறிவதற்கென்றே தனியாக மின்சாரம் செலவழிக்கிறது அது.

புகையின் சூட்டை நாங்கள் விடவில்லை. அதை வாங்கிக்கொள்வதுதான் மாணவர்கள் கம்ப்ரசரைத் தேடும் அந்த இயந்திரம். ஆலைகளில் எல்லோரும் அதை வேம் என்றுதான் சொல்கிறார்கள். ஆவியை உறிஞ்சிக் குளிர் தரும் இயந்திரம். எங்களுடையது 150 டன்.

டன் என்பது பழைய பனிக்கட்டிக் கணக்கு. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகி எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர். இன்றைய அளவில் 3.5 கிலோவாட் சொச்சம். பனிக்கட்டியை ஏரியிலிருந்து வெட்டி விற்ற காலத்தின் மிச்சம் இது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த அந்தக் கட்டிகளைச் சேமித்து வைக்கத்தான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

இனி இயந்திரத்துக்குள் போவோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக் காற்றழுத்தத்துக்கு மட்டும் பொருந்தும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கொதிநிலையும் இறங்கிக்கொண்டே போகும். சாதாரணக் காற்றழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். அதை ஆறரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால் தண்ணீர் 5 டிகிரியில் கொதிக்கும். கொதிக்க வேண்டுமானால் எங்கிருந்தாவது சூட்டை எடுத்தாக வேண்டும் அல்லவா? அச்சுகளைச் சுற்றிவிட்டு 12 டிகிரியில் திரும்பி வரும் நீரிலிருந்து அந்தச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. திரும்பி வந்த நீர் 7 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குளிரூட்டும் வேலை இவ்வளவுதான். வேமில் குளிரூட்டியாக இருப்பது வெறும் தண்ணீர்!

வேமின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த கண்ணாடி ஜன்னல் உண்டு. டார்ச் அடித்து அதன் வழியே பார்த்தால், செம்புக் குழாய்களின் மேல் தண்ணீர் மழையாக விழுவது தெரியும். குமிழி வராது, புகை மண்டாது, ஆனால் அந்தத் தண்ணீர் குழாயைத் தொட்டதும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

இப்படி ஆவியாகிக்கொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். ஏறினால் கொதிப்பு நின்றுவிடும். ஆவியை யாராவது உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போக வேண்டும். மின்சாரத்தில் ஓடும் வழக்கமான குளிரூட்டும் இயந்திரமான மின்சில்லரில் அந்த வேலையைக் கம்ப்ரசர் செய்கிறது. வேமில் ஓர் உப்பு செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சமையலறை உப்பு ஜாடி எப்படி நீர்த்துப்போகிறதோ அதே குணம்தான், ஆனால் பல மடங்கு தீவிரமாக. உப்பின் பெயர் லித்தியம் புரோமைடு. கெட்டியான அதன் கரைசலை இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் பக்கத்து அறையில் தெளித்தால், கொதித்து எழும் நீராவியை அப்படியே இழுத்துக்கொள்ளும். இழுக்க இழுக்கக் கரைசல் நீர்த்துப்போகிறது. அப்போது ஒரு பம்பு அதை மேலே இருக்கும் ஜெனரேட்டர் அறைக்கு அனுப்புகிறது (மின்சார ஜெனரேட்டர் அல்ல; வேமுக்குள் இருக்கும் ஓர் அறையின் பெயர் அது). எஞ்சினின் புகை வேலை செய்வது அங்கேதான். கரைசலைச் சூடேற்றி, குடித்த தண்ணீரை ஆவியாக வெளியே எடுக்கிறது. ஆவி கண்டென்சரில் மறுபடி நீராகிக் கீழே இறங்குகிறது; கெட்டியான கரைசலும் திரும்ப வருகிறது. வட்டம் முடிந்தது.

சூட்சுமம் அந்தப் பம்பில் இருக்கிறது. ஆவியை அழுத்துவதற்குக் கம்ப்ரசர் படாத பாடு படும். அதே ஆவியைக் கரைசலுக்குள் ஒளித்துவைத்துத் திரவமாக மேலே ஏற்றுவதற்குச் சிறிது சக்தி போதும். 150 டன் மின்சில்லர் என்றால் நூறு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். எங்கள் வேமின் பம்புகள் எல்லாம் சேர்ந்தும் பத்தைத் தொடுவதில்லை. மீதி வேலை புகையுடையது. 400 டிகிரியில் உள்ளே போகும் புகை, 170 டிகிரிக்கு இறங்கி வெளியே போகிறது.

இதைப் புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: சூட்டிலிருந்து குளிர் எடுப்பது, வீட்டு ஃபிரிட்ஜைவிட மிகப் பழையது. 1810-இல் எடின்பரோவில் ஜான் லெஸ்லி, கந்தக அமிலத்தை ஆவி குடிக்கவைத்து, காற்றை எடுத்த ஜாடிக்குள் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கிக் காட்டினார். 1859-இல் பிரான்ஸின் ஃபெர்டினாண்ட் கார்ரே, அம்மோனியாவும் தண்ணீரும் கொண்டு தொடர்ந்து ஓடக்கூடிய இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கரி அடுப்பு போதும், பனிக்கட்டி வரும். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கு மாநில ஏரிகளிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த பனிக்கட்டி நின்றுபோனது. கடல் முற்றுகையைத் தாண்டிக் கார்ரேயின் இயந்திரங்களைத் தென் மாநிலங்களுக்குக் கடத்தினார்கள். மின்விளக்கே வராத காலத்தில் அடுப்பு எரித்துப் பனிக்கட்டி செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இடையில் நாம் எதையோ மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு 1922-ஐச் சேர்ந்தது. ஸ்டாக்ஹோமில் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள், பம்பையும் தூக்கி எறிந்தார்கள். அம்மோனியா, தண்ணீர் இரண்டோடு ஹைட்ரஜனையும் உள்ளே விட்டார்கள். பெட்டி முழுக்க ஒரே அழுத்தம்தான்; ஆனால் குளிரும் இடத்தில் அந்த அழுத்தத்தில் பெரும்பங்கை ஹைட்ரஜன் தாங்கிக்கொள்வதால், அம்மோனியா தன் பங்குக்குக் குறைந்த அழுத்தத்தில் இருப்பதாகவே நடந்துகொண்டு ஆவியாகிவிடும். அடியில் ஒரு சிறு சுடர் குமிழிகளை எழுப்பித் திரவத்தை மேலே தள்ளும். சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி உலகமெங்கும் விற்றது. மின்கம்பி போகாத ஊர்களின் மருந்தகங்களில் தடுப்பூசியைக் கெடாமல் காத்த மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சத்தமே போடாத ஓட்டல் அறைக் குட்டி ஃபிரிட்ஜ்களிலும் இதே வகையை வைப்பதுண்டு. இரண்டு மாணவர்கள் செய்த வேலை என்று சொல்லும்போது, எதிரே நிற்கும் பாலிடெக்னிக் பிள்ளைகளின் முகத்தைக் கவனிப்பேன்.

ஐன்ஸ்டைனும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். பெர்லினில் ஃபிரிட்ஜிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துவிட்டு, இயற்பியலாளர் லியோ சிலார்டுடன் சேர்ந்து, கசிவதற்கு வழியில்லாத ஃபிரிட்ஜ்களை வடிவமைத்தார். 1930-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதே நேரத்தில் நச்சில்லாத குளிரூட்டி வாயுவான ஃப்ரியான் வந்துவிட்டதால் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஆபத்தில்லாததாகி, சந்தையைப் பிடித்துக்கொண்டது. அந்த ஃப்ரியான் ஓசோனை என்ன செய்தது என்பது பிறகு தெரிந்தது.

லித்தியம் புரோமைடு இயந்திரங்கள் 1940-களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தன. நியூயார்க்கில் குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கத் தெருவுக்கடியில் போகும் நீராவி, கோடையில் இந்த இயந்திரங்கள் வழியாகக் கட்டடங்களைக் குளிரவைக்கிறது.

இவ்வளவு இருந்தும் மேலாளர்கள் கூட்டத்தில் வேம் என்றதும் ஒரு எண்ணைத் தூக்கிப் போடுவார்கள். மின்சில்லருக்கு ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் ஐந்து பங்கு குளிர் தரும். வேம் ஒரு பங்கு சூட்டுக்கு, சாதாரண வகை 0.7 பங்கும், சூட்டை இரண்டு படிகளில் பயன்படுத்தும் எங்களுடைய வகை 1.2 பங்கும்தான் தரும். “ஐந்து எங்கே, ஒன்று எங்கே?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான், பதில் இரண்டு பக்கமும் வெட்டும்.

மின்சாரம் வானத்திலிருந்து விழவில்லை. நெய்வேலியில் எரிக்கும் நிலக்கரிச் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த மூன்றில் ஒன்றை ஐந்தால் பெருக்கினால் ஒன்றரைக்குச் சற்று மேலே வரும். அப்படிப் பார்த்தால் ஐந்துக்கும் ஒன்றுக்கும் இருந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிடுகிறது. ஆனாலும் ஒன்றரை என்பது 1.2-ஐவிடப் பெரியதுதானே? ஆகவே வேமை ஓட்டுவதற்கென்றே புதிதாக எரிபொருளைக் கொளுத்தினால் அது நட்டம், நாட்டுக்கும் நட்டம். பாய்லரில் டீசல் ஊற்றி வேம் ஓட்டும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஏற்கெனவே ஒரு வேலை செய்து முடித்து வெளியேறும் சூடு, உமி மீந்துகிடக்கும் அரிசி ஆலை, வெயில் — இவைதான் வேமுக்கு உரிய தீனி.

தண்ணீர்க் கணக்கையும் மறைக்கக் கூடாது. வேம் குளிர்நீரிலிருந்து எடுத்த சூட்டையும், புகையிலிருந்து வாங்கிய சூட்டையும் சேர்த்து, தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைக் காற்றில் விடும் கூலிங் டவரில் இறக்கிவைக்கிறது. ஒரு டன் குளிருக்கு மணிக்கு ஒன்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் டவரில் ஆவியாகிப் போகிறது. மின்சில்லராக இருந்தால் ஆறு லிட்டர் சொச்சம். கடலோரத்தில் உப்புக் கலந்த நிலத்தடி நீரை வைத்துக்கொண்டு இதைச் சமாளிப்பது லேசான காரியம் இல்லை. குழாய்களில் படியும் உப்புப் படலத்தைத் தேய்த்து எடுப்பதே எங்கள் பராமரிப்பு வேலையில் பெரும்பங்கு.

இன்னொரு பெரிய எதிரி கரைசல் உறைவது. லித்தியம் புரோமைடு அளவுக்கு மீறிக் கெட்டியானாலோ, கெட்டியாக இருக்கும்போது குளிர்ந்துவிட்டாலோ, கரைசல் சர்க்கரைக் கட்டியாக இறுகிவிடும். அதனால்தான் நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தக் கூடாது. சூட்டை மூடிவிட்டு, பம்புகளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கரைசல் நீர்த்த பிறகே நிறுத்த வேண்டும். ஒரு மார்கழி இரவில் எஞ்சின் திடீரென்று நின்று, பம்புகளுக்கும் மின்சாரம் போய்விட்டது. விடியற்காலையில் கிளப்பியபோது கரைசல் நகரவில்லை. எங்கள் மூத்த ஆபரேட்டர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், வெப்ப மாற்றியின் ஓட்டின் மேல் சாக்கைச் சுற்றி, வெந்நீரைச் சிறுகச் சிறுக ஊற்றச் சொன்னார். நான் நீராவிக் குழாயைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். “அவசரப்படாதீர்கள் மேடம். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் உள்ளே குழாய் முறுக்கிக்கொள்ளும்” என்றார். பிறகு ஜே வடிவக் குழாயில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். வழி அடைபட்டிருந்தால் சூடான கரைசல் அந்தக் குழாய் வழியாக வழிந்து இறங்கும். அது சுட்டால் இன்னும் அடைப்பு இருக்கிறது, ஆறினால் பாதை திறந்துவிட்டது. திரையில் எத்தனையோ எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கடைசி வரை கையை எடுக்கவில்லை. மதியத்துக்கு முன் குழாய் ஆறியது, அச்சுகளுக்குக் குளிர்நீர் போனது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோதும் அவர்தான். வேதாரண்யம் பக்கம் நள்ளிரவுக்கு மேல் கரை கடக்கும் என்று அறிவிப்பு வந்த அன்று, உற்பத்தி இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று மேலிடம் சொல்லியும், மாலையிலேயே வேமை முறைப்படி நீர்க்கவைத்து நிறுத்திவிட்டார். மின்சாரம் திரும்பி, எல்லாம் சீராகி மறுபடி ஓட்டியபோது ஒரு சிக்கலும் இல்லை. மின்சில்லரை எப்படி வேண்டுமானாலும் நிறுத்தலாம். வேமுக்கு அதன் குணம் தெரிந்த ஆள் வேண்டும். புதிய இயந்திரங்களில் உறைவதை முன்கூட்டியே உணர்ந்து தடுக்கும் கட்டுப்பாடுகள் நிறைய வந்துவிட்டன. இருந்தாலும் வாங்கும்போது ஆளுக்கான பயிற்சியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இப்போது என் மேசையில் இருக்கும் கணக்கு ஜாக்கெட் நீரைப் பற்றியது. புகையைப் பிடித்துவிட்டோம், 90 டிகிரி நீர் இன்னும் ரேடியேட்டருக்குத்தான் போகிறது. எங்கள் எஞ்சின் அளவுக்கு அது ஏறத்தாழ 500 கிலோவாட் சூடு. அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. தண்ணீருக்குப் பதிலாகக் குறைந்த சூட்டில் கொதிக்கும் வேறு திரவத்தை ஆவியாக்கிச் சிறு டர்பைன் ஓட்டும் இயந்திரங்கள் சந்தையில் உண்டு. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ போட்ட வேலியை யாரும் தாண்ட முடியாது. 90 டிகிரிச் சூட்டை எடுத்து 30 டிகிரியில் இறக்கிவைக்கும் எந்த எஞ்சினும், எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும், அந்தச் சூட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஏழு சதவீதம் என்று வைத்தால் 35 கிலோவாட் மின்சாரம்.

அதே சூட்டைச் சாதாரண வகை வேமுக்குக் கொடுத்தால் 350 கிலோவாட் குளிர், அதாவது 100 டன். அந்த 100 டன்னை இன்று நாங்கள் மின்சில்லரில் எடுக்கிறோம். அது சுமார் 70 கிலோவாட் இழுக்கிறது. கூடுதல் டவர் விசிறி, பம்பு இவற்றுக்குப் பத்தைக் கழித்தாலும் 60 மிச்சம். குளிர் தேவைப்படும் இடத்தில், மிதமான சூட்டை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தில் மறுபடி குளிர் செய்வது சுற்றுவழி. நேராகக் குளிராக்கிவிட்டால் இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான பலன். குளிர் தேவைப்படாத சிமென்ட் ஆலையில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே டர்பைன்தான் சரி. எனக்கு வியப்பாக இருப்பது, இதே கணக்கைப் போடக்கூடிய மருத்துவமனைகளும் உணவுப் பதப்படுத்தும் ஆலைகளும் சூடான நீரை விசிறி வைத்து ஆற்றிக்கொண்டிருப்பதுதான். உங்கள் இடத்தில் 85 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடான நீர் வெளியேறி, அதே வளாகத்தில் குளிரும் தொடர்ந்து தேவைப்பட்டால், ஒரு தெர்மாமீட்டரும் ஓட்டமானியும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அளந்து பாருங்கள். ஓட்டம், உள்ளே போகும் சூடு, திரும்பும் சூடு — மூன்று எண்கள் போதும்.

எங்கள் முன்மொழிவு நிதிப் பிரிவில் இருக்கிறது. ஒப்புதல் வரும் வரை காத்திருக்க வேண்டாம், வருடாந்தர ஷட்டவுனில் ஜாக்கெட் நீர்க் குழாயில் இரண்டு வால்வுகளை மட்டும் பொருத்தி மூடி வைத்துவிடுவோம் என்று அண்ணன் சொன்னார். பிறகு இயந்திரம் வரும்போது எஞ்சினை நிறுத்தாமலே இணைத்துக்கொள்ளலாம். வால்வுகளுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது.